டோக்கியோவில் எங்கே தங்குவது? உயெனோ–அசாகுசா, ஷின்ஜுகு–ஷிபுயா, கின்சா: ஓர் ஒப்பீடு

டோக்கியோவுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் நடுவில் அமையும் விடுதி எது என்று தேடத் தொடங்குகிறார்கள். மற்ற ஊர்களில் பயன்படும் இந்த முறை டோக்கியோவில் அதிகம் உதவுவதில்லை. நகரின் முக்கிய வட்டாரங்களைச் சுற்றி வரும் யமனோத்தே ரயில் பாதை 34.5 கிலோமீட்டர் நீளமும் 30 நிலையங்களும் கொண்டது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பாதையில் எந்த நிலையத்துக்கு அருகே தங்கினாலும், வட்டத்தின் எதிர்ப்புறத்தில் இருக்கும் இடத்தை அரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம். எனவே பகல் பொழுதைப் பொறுத்தவரை விடுதி இருக்கும் இடம் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஒன்பது மணிக்குப் பின்பும்தான் அந்த வேறுபாடு தெரிகிறது. அந்த நேரங்களில் களைத்திருக்கும் குடும்பம் ரயிலேறிப் போய் எதையும் பார்ப்பதில்லை. விடுதி வாசலில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். டோக்கியோவின் கிழக்குப் பகுதி காலைக்கு உரியது, மேற்குப் பகுதி இரவுக்கு உரியது என்பது என் கருத்து. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தம் பயணக் குழுவில் இருப்பவர்கள் காலையில் எழுபவர்களா, இரவில் விழித்திருப்பவர்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பிடத் தக்க தேர்வுகள் மூன்று. கிழக்கே உயெனோவும் அசாகுசாவும், மேற்கே ஷின்ஜுகுவும் ஷிபுயாவும், இரண்டுக்கும் இடையில் டோக்கியோ ரயில் நிலையமும் கின்சாவும். கிழக்கும் மேற்கும் நிலத்தின் அமைப்பிலேயே வேறுபட்டவை. போர்த்தலைவர் தொக்குகாவா இயெயாசு 1590-இல், டோக்கியோவின் பழைய பெயரான எடோவுக்கு வந்து கோட்டையை விரிவாக்கத் தொடங்கியபோது, மேற்கிலிருந்த மேட்டு நிலத்தில் பிரபுக்களும் படைவீரர்களும் குடியமர்ந்தார்கள்; ஆற்றோரத் தாழ்நிலத்தில் வணிகர்களும் கைவினைஞர்களும் மீனவர்களும் நெருங்கி வாழ்ந்தார்கள். அந்தப் பிரிவினை இன்றும் கால்களுக்குத் தெரியும். அசாகுசாவிலும் உயெனோ நிலையத்தின் கிழக்குப் பக்கத்திலும் நடப்பது சமதளத்தில் நடப்பது; ஷிபுயாவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோ காத்திருக்கும். கின்சா தடம் எனப்படும் சுரங்க ரயிலில் அசாகுசாவிலிருந்து கடைசி நிலையம் வரை சென்றால் இது இன்னும் நன்றாக விளங்கும்: நிலத்துக்கு அடியில் புறப்பட்ட அந்த ரயில் ஷிபுயாவில் தெருவுக்கு மேலே, மூன்றாம் தளத்தின் உயரத்தில் போய் நிற்கிறது. ரயில் மேலே ஏறவில்லை, மேட்டு நிலத்தின் அடியில் வந்துகொண்டிருந்த பாதையைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஷிபுயா வெளியே காட்டிவிடுகிறது. முழங்கால் வலியுள்ள பெற்றோரையோ தள்ளுவண்டியில் குழந்தையையோ அழைத்துச் செல்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கிழக்கை நினைத்துப் பார்க்கலாம்.

கிழக்கின் காலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பயணிகள் அதைத் தவறவிடுகிறார்கள். அசாகுசாவின் சென்சோஜி கோயிலை அநேகர் பகல் பதினொரு மணிக்குச் சென்று பார்க்கிறார்கள். அப்போது, கமினாரிமோன் வாயிலில் தொங்கும் 3.9 மீட்டர் உயரமும் 700 கிலோ எடையும் உள்ள சிவப்பு விளக்கின் கீழே நிற்பதற்கே இடமிருக்காது. அங்கிருந்து கோயிலை நோக்கிச் செல்லும் சுமார் 250 மீட்டர் நீளமுள்ள நகமிசே கடைத்தெரு தோளோடு தோள் உரசும் கூட்டமாக இருக்கும். ஆனால் கோயிலின் மூலக்கூடம் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டும் 6.30. அந்த நேரத்தில் நகமிசேயின் கடைகள் எல்லாம் சாத்தியிருக்கும். சாத்திய கதவுகளின் மேல் அசாகுசாவின் பருவங்களும் திருவிழாக்களும் வரிசையாக ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. கடை திறந்தவுடன் இரும்புக் கதவோடு சுருண்டு மேலே போய்விடும் அந்த ஓவியங்கள் காலையில் வருபவர்களுக்கு மட்டுமே தெரிபவை. வேலைக்குப் போகும் வழியில் நின்று கைகூப்பிவிட்டுப் போகும் உள்ளூர்க்காரர்கள், பெரிய தூபக் கலத்தின் புகையை உள்ளங்கையால் தலைமேல் வாரிக்கொள்ளும் முதியவர்கள், உலோக உருளையைக் குலுக்கிக் குச்சியில் வரும் எண்ணைப் பார்த்து இழுப்பறையிலிருந்து பலன் சீட்டை எடுக்கும் பள்ளிப் பிள்ளைகள் என்று அப்போது அது ஒரு வட்டாரத்தின் கோயிலாக இருக்கிறது. 628-ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் வலை வீசிய இரண்டு சகோதரர்களுக்குக் கன்னோனின், அதாவது அவலோகிதேஸ்வரரின், சிலை கிடைத்தது என்பது கோயிலின் மரபு. அந்த மீனவர்களும், சிலையை அடையாளம் கண்ட ஊர்ப் பெரியவரும் பக்கத்திலுள்ள அசாகுசா ஜின்ஜா என்னும் ஷிண்டோ ஆலயத்தில் தெய்வங்களாக வணங்கப்படுகிறார்கள்.

உயெனோவில் தங்கினாலும் காலை இதற்குக் குறைந்ததல்ல. ஷினோபாசு குளத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாமரை பூக்கிறது. பூக்கள் அதிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பத் தொடங்கிவிடும் என்பதால், நடந்து போகும் தூரத்தில் தங்கியிருப்பவருக்கே அந்தக் காட்சி எளிதாக வாய்க்கும். குளத்தின் நடுவே தீவில் இருக்கும் பென்டென்தோ கோயிலின் தெய்வமான பென்சாய்தென் நம் சரஸ்வதியேதான். வீணைக்குப் பதிலாகப் பிவா என்னும் நரம்பிசைக் கருவி அவளுக்கு உரியது. குளத்துக்கு மேலே இருக்கும் உயெனோ பூங்கா 1873-இல் மக்களுக்காக ஒதுக்கப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அங்கே ஒரு போர் நடந்து, கன்எயிஜி கோயிலின் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. 1872-இல் தோன்றிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், 1882-இல் திறந்த உயிரியல் பூங்கா, லெ கார்புசியே வடிவமைத்து 1959-இல் திறக்கப்பட்ட மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் இந்தப் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. சண்டிகரைப் பார்த்தவர்கள் கார்புசியேயின் கையை இங்கே உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்; சண்டிகரின் தலைமைச் செயலக வளாகமும் இந்தக் கட்டடமும் 2016-இல் ஒரே பட்டியலின் கீழ் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

கிழக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு வாதத்தை முன்வைப்பார்கள்: பழைய டோக்கியோ அங்கேதான் இருக்கிறது என்பது அது. இதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கமும், 1945 மார்ச் 9-ஆம் தேதி இரவு தொடங்கி 10-ஆம் தேதி அதிகாலை வரை நடந்த விமானக் குண்டுவீச்சும் தாழ்நிலப் பகுதியைத் தீயில் அழித்தன; அந்த ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். சென்சோஜியின் இன்றைய மூலக்கூடம் 1958-இல் கான்கிரீட்டில் கட்டியது; ஐந்தடுக்குக் கோபுரம் 1973-இல் எழுந்தது. மேற்கே இருக்கும் மெய்ஜி ஜிங்கு ஆலயமும் போரில் எரிந்து 1958-இல்தான் மீண்டது. ஆக, கட்டடத்தின் வயதை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வயதுடையவை. உண்மையிலேயே பழையதைப் பார்க்க விரும்புபவர் அசாகுசாவின் பெரிய கூடத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் தப்பிப் பிழைத்த 1649-ஆம் ஆண்டு அசாகுசா ஜின்ஜாவையும், உயெனோவில் 1651-இல் எழுந்த தோஷோகு ஆலயத்தையும், 1706-ஆம் ஆண்டின் நெசு ஆலயத்தையும் தேடிப் போக வேண்டும். இவற்றோடு யானகாவையும் சேர்க்க வேண்டும். போரில் பெரும்பாலும் எரியாமல் தப்பிய அந்த வட்டாரத்தில் சிறு கோயில்களும், மரவீடுகளும், ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் கடைசியானவரான தொக்குகாவா யோஷிநோபு அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. நிப்போரி நிலையத்தில் இறங்கி யானகாவின் சந்துகள் வழியே நெசு வரை நடந்து, அங்கிருந்து ஷினோபாசு குளத்துக்கு வந்து சேரும் நடை, ஒரு முழு முற்பகலுக்கு உரியது. டோக்கியோவில் ஒரே ஒரு நடைக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் இதையே சொல்வேன்.

கிழக்கின் உண்மையான குறை இரவு. நகமிசேயின் கடைகள் மாலை மங்கும்போது மூடத் தொடங்கிவிடும். விளக்கொளியில் கோயில் அழகாக இருக்கும், ஆனால் ஒன்பது மணிக்கு மேல் அசாகுசாவின் பல தெருக்களில் மது அருந்தும் சிறு கடைகளைத் தவிர அதிகம் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வருபவர்களும் இளம் நண்பர் குழுக்களும் இதில் ஏமாற்றம் அடையக்கூடும்.

அவர்களுக்கு ஷின்ஜுகு உண்டு. நாளொன்றுக்கு 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடந்து செல்லும் ஷின்ஜுகு நிலையம் உலகிலேயே மிகவும் நெரிசலான ரயில் நிலையம். அதற்கு 200-க்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. பயணிகளைக் கலங்கடிக்கும் இந்த எண்ணிக்கைதான் அங்கே இரவு நீள்வதற்கும் காரணம். மேட்டு நிலப் புறநகர்களிலிருந்து வரும் ரயில் நிறுவனங்களின் பாதைகள் பல இங்கே வந்து முடிவதால், வேலை முடிந்து வீடு திரும்புபவர்கள் இறங்கி, உண்டு, குடித்து, கடைகளைப் பார்த்துவிட்டு மறு ரயில் ஏறும் இடமாக ஷின்ஜுகு வளர்ந்தது. ஷிபுயாவின் கதையும் அதுவே. டோக்கியோவின் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிட்டால் மறுநாள் காலை ஐந்து மணி வாக்கில்தான் மீண்டும் ஓடும். இடையில் டாக்சி மட்டுமே, அது மலிவானதல்ல. ஆகவே இரவு பதினொன்றரை மணிக்கு ரயிலை நினைத்து எழுந்திருக்கத் தேவையில்லாமல், ஒமொய்தே யோக்கோச்சோவின் புகை மண்டிய சந்திலும், ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பேர் மட்டும் அமரக்கூடிய கோல்டன் காயின் மதுக்கடைகளிலும் பொழுதைக் கழிக்க விரும்புபவருக்கு, நடந்து திரும்பும் தூரத்தில் அறை இருப்பது பெரிய வசதி. மது வேண்டாதவர்களுக்கும் இரவுக் காட்சி இருக்கிறது: தாங்கே கென்சோ வடிவமைத்த, 243 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் தளத்திலிருந்து நகரின் விளக்குகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்தில் பணம் கொடுத்து ஏறுவதைவிட இதுவே நிறைவளிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மேற்கில் பகலும் வளமானதுதான். ஷின்ஜுகு கியோயென் தோட்டம் 58 ஹெக்டேர் பரப்புள்ளது. பல வகைச் செர்ரி மரங்கள் முன்னும் பின்னுமாகப் பூப்பதால், உயெனோவில் பூக்காலம் முடிந்த பிறகும் இங்கே சில நாள்கள் மிஞ்சியிருக்கும். மெய்ஜி ஜிங்குவைச் சூழ்ந்த 70 ஹெக்டேர் காடு இயற்கையாக வளர்ந்தது போலத் தோன்றினாலும், 1920-இல் ஆலயம் எழுந்தபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கியது அது. நூறாண்டுக்குப் பின் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் காடாக நிற்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டார்கள்.

இந்தியச் சுதந்திரப் போராட்டத்தோடு தொடர்புடைய இரண்டு இடங்களும் மேற்கில்தான் இருக்கின்றன. பிரிட்டிஷ் அரசு தேடிக்கொண்டிருந்த ராஷ் பிஹாரி போஸுக்கு 1915-இல் ஷின்ஜுகுவின் நகமுராயா என்னும் ரொட்டிக்கடைக் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது. பின்னர் அந்தக் குடும்பத்தின் மகளையே அவர் மணந்தார். 1927-இல் அவர் அறிமுகப்படுத்திய இந்தியக் குழம்பு அங்கே இன்றும் கிடைக்கிறது. ஷின்ஜுகுவிலிருந்து மருநோஉச்சி தடத்தில் நான்காவது நிலையமான ஹிகாஷி-கோயென்ஜியில் இறங்கி நடந்தால் ரென்கோஜி கோயில் வரும். நேதாஜியின் அஸ்தி என்று சொல்லப்படுவது 1945 செப்டம்பரிலிருந்து அங்கே பாதுகாக்கப்படுகிறது. வளாகத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களை நினைப்பவர்களுக்கு அந்தச் சிறிய கோயில், ஷிபுயாவின் புகழ்பெற்ற நாற்சந்தியைவிடப் பொருள் உள்ளதாக இருக்கும்.

மேற்கின் குறை, காலையும் பயணப் பெட்டிகளும். ஏழரை முதல் ஒன்பது வரையிலான அலுவலக நெரிசலில் ஷின்ஜுகு நிலையத்துக்குள் இரண்டு பெரிய பெட்டிகளோடும் குழந்தைகளோடும் நுழைவது எளிதன்று. கிழக்கு வாயிலையும் மேற்கு வாயிலையும் நேராக இணைக்கும் பொது வழி 2020-இல் திறந்த பிறகு நிலைமை ஓரளவு சீரடைந்திருக்கிறது. அதற்கு முன்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவே சுற்ற வேண்டியிருந்தது. ஷிபுயாவில் பல ஆண்டுகளாக நிலையத்தைச் சுற்றிக் கட்டுமானம் நடந்து வருகிறது. அங்கே தங்குவதால் கிடைக்கும் கூடுதல் பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மாலை போய்வந்தால் போதும்.

நடுப்பகுதியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. டோக்கியோ நிலையத்தின் 1914-ஆம் ஆண்டுச் செங்கல் முகப்பும், பழைய எடோ கோட்டையின் அடித்தளக் கற்களைத் தாங்கி நிற்கும் அரண்மனைக் கிழக்குத் தோட்டமும், கின்சாவின் கடைகளும், மீன் மொத்தச் சந்தை 2018-இல் தொயோசுவுக்கு இடம் மாறிய பிறகும் சுகிஜியில் தொடர்ந்து இயங்கும் வெளிச்சந்தையும் பார்க்கத் தக்கவை. ஆனால் அறை வாடகை பொதுவாக மற்ற இரண்டு பகுதிகளையும்விட அதிகம். அலுவலகங்கள் மூடிய பிறகு, டோக்கியோ நிலையத்தை ஒட்டிய மருநோஉச்சி அலுவலக வட்டாரத்தின் தெருக்கள் வெறிச்சோடிவிடும். மறுநாள் காலையிலேயே கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஏறுபவர்களும், அலுவலக வேலையாக வருபவர்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். உயெனோவிலிருந்து டோக்கியோ நிலையத்துக்குப் பத்து நிமிடங்கூட ஆகாது என்பதால், ஷின்கான்செனுக்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விமான நிலையமும் வெளியூர்ப் பயணமும் இந்த ஒப்பீட்டில் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. நரிதாவில் இறங்குபவர்களுக்குக் கிழக்கு மிகவும் வசதி: கெய்செய் ஸ்கைலைனர் ரயில் நிப்போரிக்கு மிக விரைவாக 36 நிமிடங்களில் வந்து, அடுத்து உயெனோவை அடைகிறது. அதே நரிதாவிலிருந்து ஷின்ஜுகுவுக்கு நரிதா எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கொழும்பிலிருந்து வரும் நேரடி விமானம் நரிதாவில்தான் இறங்குகிறது. ஹனேடாவிலிருந்தும் அசாகுசாவுக்கு ரயில் மாறாமல் வரக்கூடிய கெய்க்யூ ரயில்கள் உண்டு. ஆனால் ஃபுஜி மலை, ஹக்கோனே, தக்காவோ மலை ஆகிய மூன்றுக்கும் புறப்பாடு ஷின்ஜுகுவே: ஃபுஜி ஏரிகளுக்கான பேருந்துகள் நிலையத்தின் தெற்கிலுள்ள பேருந்து முனையத்திலிருந்தும், ஹக்கோனே செல்லும் ரொமான்ஸ்கார் ஒதக்கியூ பாதையிலிருந்தும் கிளம்புகின்றன. நிக்கோவுக்கு மட்டும் அசாகுசாவிலிருந்து தோபு ரயில். ஐந்தாறு நாள்களில் இரண்டு நாள்களை ஃபுஜிக்கும் ஹக்கோனேவுக்கும் ஒதுக்குபவர் ஷின்ஜுகுவில் தங்குவதே அறிவுடைமை. ஒரு நாள் மட்டுமென்றால் அன்று சற்று முன்னதாக எழுந்துகொண்டால் போதும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு டோக்கியோவில் எந்தப் பகுதியும் தானாக எளிதாகிவிடாது. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும், கத்தரிக்காய் வதக்கலிலும், நூடுல்ஸின் தொட்டுச் சாற்றிலும் தாஷி இருக்கும். சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்திச் சீவிய துருவலில் காய்ச்சியது அது. நம் கரையோரத்தார் மாசி என்று அறிந்ததன் நெருங்கிய உறவு. ஆகையால் இறைச்சி வேண்டாம் என்று சொல்வது போதாது, தாஷியும் வேண்டாம் என்று எழுதிக் காட்ட வேண்டும். இந்த வகையில் உயெனோவுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அடுத்த நிலையமான ஒகாச்சிமாச்சியின் நகைக்கடைத் தெருக்களில் இந்திய இரத்தின வணிகர்கள் நெடுங்காலமாகத் தொழில் செய்வதால், அதைச் சுற்றி இந்தியச் சைவ உணவு கிடைக்கிறது. கின்சாவிலும் அதை ஒட்டிய கியோபாஷி, யாயெசு பகுதிகளிலும் தென்னிந்திய உணவகங்கள் சில உண்டு; ஏ.எம். நாயர் 1949-இல் கின்சாவில் தொடங்கிய உணவகம் இன்னும் நடக்கிறது. நகரில் இந்தியர்கள் மிகுதியாக வாழ்வது எதோகாவா வட்டத்தின் நிஷி-கசாயில். உறவினர் வீடு அங்கே இருந்தால் தயங்காமல் தங்கலாம், தோசாய் தடம் நகர மையத்துக்கு நேராக வருகிறது. விடுதி எடுத்துத் தங்குவதற்கு அது ஏற்ற இடமன்று.

கிழமைகளையும் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் உயெனோவின் அருங்காட்சியகங்களும் உயிரியல் பூங்காவும் ஷின்ஜுகு கியோயெனும் பொதுவாக மூடியிருக்கும். அரண்மனைக் கிழக்குத் தோட்டம் திங்களோடு வெள்ளியும் மூடும். சென்சோஜி, மெய்ஜி ஜிங்கு, யானகா ஆகியவற்றைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். மே மாதத்தின் மூன்றாம் வார இறுதியில் நடக்கும் சன்ஜா திருவிழாவின் போதும், ஜூலை கடைசிச் சனிக்கிழமை சுமிதா ஆற்று வாணவேடிக்கையின் போதும் அசாகுசாவில் அறை கிடைப்பது கடினம். அவற்றுக்காகவே போகிறவர்கள் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அந்த நாள்களில் உயெனோவுக்கு மேற்கே தங்குவது நல்லது.

கிழக்கில் பாதி, மேற்கில் பாதி என்று பிரித்துத் தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏழு இரவுகளுக்கு மேல் இருந்தால் அது நல்ல ஏற்பாடு. அதற்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். பெரும்பாலான விடுதிகள் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்லி, பிற்பகல் 3 மணிக்கே புதியவர்களுக்கு அறை தருகின்றன; மாறும் நாளின் பெரும்பகுதி பெட்டிகளோடு கழிந்துவிடும்.

பெற்றோரும் குழந்தைகளும் கொண்ட குடும்பம் முதன்முறையாக ஐந்து அல்லது ஆறு இரவுகள் தங்குவதானால், உயெனோவே என் தேர்வு. அசாகுசாவுக்குச் சுரங்க ரயிலில் மூன்றே நிலையம், யமனோத்தே பாதையும் கையருகில். அசாகுசாவுக்கு இந்த இரண்டாவது வசதி இல்லை. நிலையத்தின் கிழக்குப் பக்கத்தில், இனாரிச்சோவை நோக்கிய தெருக்கள் அமைதியானவை. அவ்வழியே இன்னும் சிறிது நடந்தால் சமையல் பாத்திரங்களும் கத்திகளும் உணவகங்கள் காட்சிக்கு வைக்கும் மெழுகு போன்ற மாதிரி உணவுகளும் விற்கும் கப்பாபாஷி வரும். குளத்தின் தெற்கே இருக்கும் மதுக்கூடத் தெருக்களின் மேல் அறை எடுப்பதைக் குடும்பங்கள் தவிர்க்கலாம். நண்பர் குழுக்களும், ஃபுஜி–ஹக்கோனே பயணிகளும் ஷின்ஜுகுவை எடுத்துக்கொள்ளட்டும். அங்கேயும் இரவுக் கேளிக்கை வட்டாரமான கபுகிச்சோவின் நடுவில் தங்காமல், இரவில் ஓசை அடங்கும் மேற்கு வாயிலின் வானளாவிகளுக்கு இடையிலோ, பேருந்து முனையத்துக்கு அருகில் தெற்கு வாயிலை ஒட்டியோ அறை பார்ப்பது நல்லது.